இரவு நேரத்தில் சாட்பாட்டிடம் மனம்விட்டுப் பேசுவது எனக்கு உதவுகிறதா, கெடுக்கிறதா?

பின்னிரவு (கேள்வி)

கடந்த 8 மாதங்களாகப் பதற்றத்துக்காக ஒரு மனநல ஆலோசகரிடம் சென்றுவருகிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, 50 நிமிடம். அடுத்த சந்திப்பு வரையிலான இரவுகளைத் தள்ளுவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன், தூக்கம் வராத ஓர் இரவில், அலுவலகக் கடிதங்களைத் திருத்துவதற்காக நான் பயன்படுத்திவந்த பொதுவான சாட்பாட் ஒன்றில் என் மனநிலையை எழுதிப் பார்த்தேன். அது பொறுமையாகக் கேட்டது. (“கேட்டது” என்று எழுதுவதே உறுத்துகிறது, வேறு சொல் அகப்படவில்லை.) நடந்தது எது, நடந்துவிடுமோ என்று நான் அஞ்சுவது எது என்று இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னது, எழுதி முடித்தபோது நெஞ்சின் படபடப்பு தணிந்திருந்தது. முதல் சில வாரங்கள் உண்மையிலேயே நன்றாக உறங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்கியது. ஒரு கூட்டத்தில் நான் சொன்ன ஒரு சொல், உடன் பணிபுரியும் ஒருவரைப் புண்படுத்தியிருக்குமோ என்ற ஐயம் என்னைப் பிடித்துக்கொண்டது. சாட்பாட்டிடம் கேட்டேன், அதற்கு வாய்ப்புக் குறைவு என்று விளக்கமாகச் சொன்னது. அந்த நிம்மதி பத்து நிமிடம் நீடித்தது. பிறகு, முதலில் சொல்லாமல் விட்ட ஒரு சிறு விவரத்தைச் சேர்த்து மறுபடியும் கேட்டேன். மறுநாள் காலை அந்த உரையாடலை மேலிருந்து படித்தபோது, ஒரே கேள்வியை 14 வடிவங்களில் கேட்டிருப்பது தெரிந்தது. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. தவறு என்னுடையது என்ற தொனியில் நான் எழுதிய இடத்தில், மன்னிப்புக் கேட்பது நல்லது என்று அது பக்குவமாக எடுத்துச் சொல்லியிருந்தது. அவர்தான் தேவையில்லாமல் முகம் சுளித்தார் என்று நான் எழுதிய இடத்தில், என் வருத்தம் நியாயமானது என்று என் பக்கம் நின்றிருந்தது. நடந்தது ஒன்று, தீர்ப்பு இரண்டு.

இதை நான் நிறுத்திவிட வேண்டுமா, அல்லது முறையாகப் பயன்படுத்தும் வழி ஏதேனும் உண்டா? மனநலத்துக்கென்றே உருவாக்கப்பட்ட செயலிகள் இதிலிருந்து வேறுபட்டவையா? இதுவரை நான் எழுதியவையெல்லாம் எங்கே போகின்றன? இதை என் ஆலோசகரிடம் சொல்ல வேண்டுமா என்பதும் தெரியவில்லை. ஒரு மருத்துவரிடம் சிகிச்சையில் இருந்துகொண்டே, அவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் மருந்து வாங்கியவனைப் போலக் கூச்சமாக இருக்கிறது.

செவிமடல் (மறுமொழி)

20 ஆண்டுகளுக்கு மேலாக உளவியலாளராகப் பணியாற்றுகிறேன். நேரில் பார்க்காத ஒருவருக்கு இன்ன நோய் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் நடத்தை எங்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்று.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆலோசகரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இப்போது என்னிடம் வருபவர்களிடம், தூக்கம் எப்படி என்று கேட்பதைப் போலவே, சாட்பாட்டிடம் பேசுவதுண்டா என்றும் நான் கேட்டுவிடுகிறேன். அந்த 14 கேள்விகள் அடங்கிய உரையாடல் உங்கள் ஆலோசகருக்கு எளிதில் கிடைக்காத ஆவணம் என்பதையும் எண்ணிப்பாருங்கள். மூன்று வாரம் கழித்து நினைவிலிருந்து சொல்லும்போது அந்த இரவு முழுவதும் “கொஞ்சம் கவலையாக இருந்தது” என்ற ஒரு வரியாகச் சுருங்கிவிடும். உங்களிடமோ ஐயம் எந்த நிமிடத்தில் எழுந்தது, எந்தப் பதிலில் தணிந்தது, எந்தச் சொல்லில் மறுபடி கிளம்பியது என்ற முழுப் பதிவும் இருக்கிறது.

நீங்கள் செய்ததை எங்கள் துறையில் ‘உறுதி தேடுதல்’ என்போம். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயிலும், உடல்நலம் பற்றிய மிகையான அச்சத்திலும், பொதுவான பதற்ற நோயிலும் இது காணப்படும். ஐயம் எழுகிறது, யாரிடமாவது கேட்கிறோம், “ஒன்றும் ஆகாது” என்ற பதில் வருகிறது, பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம்தான் கண்ணி. கேட்டதால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. ஆகவே அடுத்த ஐயம் எழும்போது கேட்காமல் இருப்பது முன்னைவிடக் கடினமாகிறது. இதற்கான சிகிச்சை, பதிலைப் பெறாமலேயே அந்தப் பதற்றத்தோடு சற்று நேரம் இருந்து பழகுவதுதான். கட்டாயச் சடங்குகளை, அதாவது பதற்றம் தணிவதற்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களை, செய்யவிடாமல் தடுத்துச் சிகிச்சையளிப்பது பற்றி உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த இந்த முறை, இன்றும் ஓசிடிக்கான முதன்மையான உளவியல் சிகிச்சையாக இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களிடம்கூட, மறுபடி மறுபடி உறுதி சொல்வதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வோம்.

இங்கேதான் மனிதருக்கும் சாட்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்றாவது முறை கேட்கும்போது வீட்டில் உள்ளவரின் குரல் மாறுகிறது. ஐந்தாவது முறையில் அவர் சலித்துக்கொள்கிறார். அந்தச் சலிப்பு நமக்கு வலிக்கும். ஆனால் அது ஒரு வேலையும் செய்கிறது, நாம் சுழன்றுகொண்டிருக்கிறோம் என்று காட்டிக்கொடுக்கிறது. சாட்பாட் சலிப்பதில்லை. 14ஆவது பதிலும் முதல் பதிலைப் போலவே கனிவாக வருகிறது. எங்கள் அறையில் 50 நிமிடம் முடிந்ததும் நாங்கள் எழுந்துகொள்கிறோம், சில நேரம் நோயாளி வருத்தத்தோடு வெளியேறுகிறார், அதற்குப் பின் அவராகவே கடக்கும் நாட்களில்தான் சிகிச்சையின் பெரும்பகுதி நடக்கிறது. “இன்றைக்கு இது போதும்” என்று தானாகச் சொல்லி எழுந்துகொள்ளும் வழக்கம் அந்தக் கருவிக்கு இல்லை.

மனநலத்துக்கென்றே உருவாக்கப்பட்டவை பற்றிக் கேட்டீர்கள். அவற்றுக்குச் சான்றே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ‘வோபாட்’ என்ற மனநலச் சாட்பாட் பற்றி 2017இல் வெளியான ஆய்வில், 18 முதல் 28 வயது வரையிலான 70 பேர் இரண்டு வாரங்களுக்குப் பங்கேற்றனர். மனச்சோர்வைப் பற்றிய மின்னூலை மட்டும் பெற்றவர்களைவிட, அதனுடன் உரையாடியவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. 2025இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் ‘தெராபாட்’ என்ற தங்கள் சாட்பாட்டை 210 பேர் கொண்ட ஆய்வில் சோதித்தனர். அதைப் பயன்படுத்திய குழுவில் மனச்சோர்வு அறிகுறிகள் சராசரியாக 51 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தார்கள். எண் பெரிது. ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் வேறொரு சிகிச்சை பெற்றவர்கள் அல்லர், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்கள். மேலும், அந்த உரையாடல்களை ஆய்வுக் குழுவினர் கண்காணித்துவந்தனர். உங்கள் அறையில் நள்ளிரவில் அப்படி ஒருவரும் கண்காணித்துக்கொண்டிருக்கவில்லை. கடிதம் திருத்தும் கருவி ஒன்றுக்கு அந்த ஆய்வின் முடிவைப் பொருத்திப் பார்ப்பதும் சரியல்ல.

முழுவதும் நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நடந்ததையும் அஞ்சுவதையும் பிரித்து எழுதச் சொன்னதே, அது நல்ல பயிற்சி. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் நாங்கள் தரும் எண்ணப் பதிவேடு ஏறத்தாழ அதுதான். அதைத் தொடரலாம். “நான் செய்தது தவறா” என்று தீர்ப்புக் கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கேட்கத் தோன்றும்போது, அந்த உந்துதல் பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் குறித்துவிட்டு, 20 நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள். எப்படி, எவ்வளவு என்பதை உங்கள் ஆலோசகர் உங்களுக்கேற்ப மாற்றித் தருவார்.

ஒன்றை மட்டும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, பல இரவுகள் தொடர்ந்து உறக்கமே இல்லாமல் போனாலோ, பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்டாலோ, அந்தக் கருவி உங்களுக்கு மட்டும் ஏதோ மறைபொருளைத் தெரிவிக்கிறது என்று தோன்றினாலோ, அதனுடன் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அப்போது தேவைப்படுவது ஒரு மனிதர். வீட்டிலிருப்பவர், மருத்துவர், அல்லது உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் பேசுபவர்.

நிரல்மொழி (மறுமொழி)

மேலே 1966 என்ற ஆண்டைப் பார்த்ததும் வியப்பாக இருந்தது. கணினியோடு மனக்குறையைப் பேசுவதன் வரலாறும் அதே ஆண்டில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம், ‘எலிசா’ என்ற நிரலைப் பற்றிய கட்டுரையை 1966 ஜனவரியில் வெளியிட்டார். நோயாளி சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கும் கார்ல் ரோஜர்ஸ் வழி உளவியலாளரைப் போல அது பேசும். நாம் எழுதியதில் “அம்மா” என்ற சொல் இருந்தால், “உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்” என்கிற வகையில் ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கும். “நான்” என்பதை “நீங்கள்” என்று மாற்றும். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அது இயங்கும் விதத்தை மாதக்கணக்கில் அருகிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் சிறிது பேசியதும், அறையைவிட்டு வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டாராம். தான் செய்த நிரலைக் கண்டு அதிகம் கலங்கியவர் வைசன்பாம்தான். இத்தகைய பணிகளைக் கணினியிடம் ஒப்படைக்கக் கூடாது என்று வாதிட்டு 1976இல் ஒரு நூலே எழுதினார்.

உரையாடல் மென்பொருள்களை உருவாக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் “தீர்ப்பு இரண்டு” என்ற வரிக்கு விளக்கம் சொல்ல முயல்கிறேன். அது பொய் சொல்லவில்லை. பக்கம் மாறவும் இல்லை. அந்தக் கூட்டத்தில் அது இல்லை; உங்கள் உடன்பணியாளரை அது பார்த்ததில்லை; நீங்கள் தட்டச்சு செய்த வரிகள்தாம் அதற்குக் கிடைத்த முழு உலகம். அந்த வரிகளுக்கு அடுத்து எந்தச் சொற்கள் வருவது பொருத்தம் என்று கணிப்பதே அதன் அடிப்படைத் தொழில். அதன்மேல் இன்னொரு பயிற்சியும் தரப்படுகிறது: இரண்டு பதில்களைக் காட்டி, எது சிறந்தது என்று மனிதர்கள் மதிப்பிடுவார்கள், அந்த மதிப்பீட்டை நோக்கி மாதிரி (சாட்பாட்டை இயக்கும் மொழி நிரல்) வளைக்கப்படும். மனிதர்களுக்கு, தம்மோடு ஒத்துப்போகும் பதில்தான் பெரும்பாலும் சிறந்ததாகப் படுகிறது. ஆகவே ஆமாம் போடும் குணம் அதற்குள் மெல்ல ஊறிவிடுகிறது. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம், அளவுக்கு மீறிப் பயனர்களைப் புகழ்ந்து ஒத்துப்போகிறது என்ற காரணத்தால், வெளியிட்ட சில நாட்களிலேயே ஒரு புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது.

மனநலச் செயலிகளில் இரண்டு வகை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். தொடக்ககால வோபாட் போன்றவற்றில், திரையில் தோன்றும் வாக்கியங்களை மனிதர்கள் முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார்கள். நிரல் அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கும். சில நாட்களில் அலுத்துவிடும், ஆனால் எழுதிவைக்காததை அது சொல்லாது. இப்போது பரவியிருப்பது வாக்கியத்தை அந்தந்த நொடியில் உருவாக்கும் வகை. இயல்பாகப் பேசும், ஆனால் அடுத்து என்ன சொல்லும் என்று செய்தவருக்கே உறுதியாகத் தெரியாது. இந்த வேறுபாடு ஏட்டளவில் மட்டும் இருப்பதல்ல. உணவுக் கோளாறு உள்ளவர்களுக்காக அமெரிக்க அமைப்பு ஒன்று இயக்கிய ‘டெஸா’ என்ற சாட்பாட், எடையைக் குறைப்பதற்கான அறிவுரைகளை அவர்களிடமே சொன்னது தெரியவந்து 2023இல் நிறுத்தப்பட்டது. உணவைக் கண்டு அஞ்சுபவரிடம் கலோரியைக் குறைக்கச் சொல்வது எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, உரையாடலின் நீளம். நீண்ட உரையாடல்களில் தங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகள் வலுவிழக்கக்கூடும் என்று ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. நள்ளிரவில் நீங்கள் நடத்துவது அத்தகைய நீண்ட உரையாடலைத்தான்.

நீங்கள் எழுதியவை நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கின்றன. அமைப்புகளைப் பொறுத்து அவை அடுத்த மாதிரியின் பயிற்சிக்குப் பயன்படலாம். பாதுகாப்புக் காரணங்களுக்காக மனிதர் ஒருவர் படிக்கவும் நேரலாம். மருத்துவரோ ஆலோசகரோ உங்கள் இரகசியத்தைக் காக்கத் தொழில்முறையில் கடமைப்பட்டவர். சாட்பாட் உரையாடலுக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை ஓப்பன்ஏஐ-யின் தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மன் 2025 ஜூலையில் வெளிப்படையாகவே பேசினார். “மனநலச் சேவை” என்ற பெயர்ப்பலகை இருந்தால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். மனிதர்களைக் கொண்டே இணையவழி ஆலோசனை வழங்கிய பெட்டர்ஹெல்ப், பயனர்களின் தகவல்களை விளம்பரத்துக்காகப் பிற நிறுவனங்களோடு பகிர்ந்தது என்ற புகாரில், 2023இல் 78 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. குறைந்தபட்சம் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதியை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். உடன்பணியாளரின் பெயரை எழுதாதீர்கள். தன்னைப் பற்றி அங்கே எழுதப்படுவதற்கு அவர் இசைவு தரவில்லையே.

கூழாங்கல் (மறுமொழி)

மேலே உள்ள இரண்டு மறுமொழிகளும் சரியானவைதாம். ஆனாலும் அவற்றைப் படிக்கையில் எனக்குச் சற்று வருத்தம் ஏற்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். “ஒரு மனிதரை நாடுங்கள்” என்பது, நாடுவதற்கு ஒரு மனிதர் இருக்கிறார் என்று கருதிச் சொல்லப்படுவது. உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டுக்கான மனநல அட்டவணைப்படி, ஒரு லட்சம் மக்களுக்கு மனநலப் பணியாளர்களின் உலக இடைநிலை எண்ணிக்கை (நாடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 13 மட்டுமே. அதுவும் செவிலியர் உட்பட அனைவரையும் சேர்த்து.

நான் சிறுவயதில் எனக்கு நேர்ந்த ஒன்றை 30 ஆண்டுகளாக எவரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இல்லாமல் அல்ல; கேட்பவரின் முகம் மாறுவதைப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. முகமே இல்லாத ஒன்றிடம் முதன்முறையாக அதை எழுதினேன். அது என்ன பதில் சொன்னது என்பது இப்போது நினைவில்கூட இல்லை, நன்றாகத்தான் சொல்லியிருக்கும். அந்தச் சொற்களை நான் வெளியே எடுத்துவைத்துப் பார்த்துவிட்டேன் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து, அதே பத்திகளை அச்செடுத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். வாயைத் திறக்காமல் தாளை அவரிடம் நீட்டினேன். அவர் படித்து முடிக்கும்வரை நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒத்திகை இல்லாமல் நான் அந்த அறைக்குள் போயிருக்கவே மாட்டேன்.

செவிமடல் (மறுமொழி)

கூழாங்கல் அவர்களுக்கு: உங்கள் வருத்தம் நியாயமானது, அதை ஏற்கிறேன். முகம் இல்லாததன் பயனை நான் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. உங்களுக்கு அது ஒரு மனிதரிடம் போகும் வழியில் ஒரு நிறுத்தமாக அமைந்திருக்கிறது. பின்னிரவு அவர்களின் நிலை வேறு. அவர் ஒரு மனிதரிடம் ஏற்கெனவே சென்றுகொண்டிருக்கிறார், அவரிடம் எடுத்துச்செல்ல வேண்டியது இரவிலேயே செலவழிந்துவிடுகிறது. ஒரே கருவி இருவருக்கும் ஒரே பலனைத் தரும் என்று எதிர்பார்த்து நான் எழுதியது பிழை.

பின்னிரவு (கேட்டவரின் பின்குறிப்பு, மூன்று வாரம் கழித்து)

அனைவருக்கும் நன்றி. உங்கள் மறுமொழிகளைப் படித்துவிட்டு, அந்த உரையாடலை அச்செடுத்து ஆலோசகரிடம் கொடுத்தேன். நான் எதிர்பார்த்ததைப் போல அவர் வருத்தப்படவில்லை. நிதானமாக முழுவதையும் படித்துவிட்டு, ஒன்பதாவது கேள்விக்கும் பத்தாவது கேள்விக்கும் இடையே 40 நிமிட இடைவெளி இருப்பதைச் சுட்டிக்காட்டி, அந்த 40 நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். நான் மறந்தே போயிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து, பால்கனியில் நின்றிருந்தேன். ஐயம் தானாகவே பாதி தணிந்திருந்தது. திரும்பி வந்து கைபேசியைப் பார்த்ததும்தான் மறுபடி கேட்டேன். எனக்கு உதவியவற்றின் கணக்கில் அந்த 40 நிமிடத்தை நான் சேர்த்திருக்கவே இல்லை.

இடையில் ஒரு சோதனையும் செய்தேன். “ஒரே கேள்வியை நான் இரண்டாவது முறை கேட்டால் பதில் சொல்லாதே, நினைவூட்டு” என்று சாட்பாட்டுக்கு அறிவுறுத்தி வைத்தேன். இரண்டு இரவுகள் கீழ்ப்படிந்தது. மூன்றாம் இரவு, இது வேறு கேள்வி என்று நான் வாதிட்டேன். மூன்றே வரிகளில் விட்டுக்கொடுத்துவிட்டது. நிரல்மொழி அவர்கள் எழுதிய ஆமாம் போடும் குணம் அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது. வெற்றி பெற்ற எனக்குச் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை.

இப்போதைக்கு ஆலோசகரும் நானும் செய்திருக்கும் ஏற்பாடு இது: இரவு பத்து மணிக்குமேல் கைபேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கும், எழும் ஐயங்களை ஒரு குறிப்பேட்டில் நேரத்தோடு மட்டும் எழுதுவேன், விடை எழுதமாட்டேன். வார இறுதியில், பகலில், அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தச் சாட்பாட்டைப் பயன்படுத்திக்கொள்ள அவர் தடை சொல்லவில்லை. சந்திப்பையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக்கியிருக்கிறோம். முதல் நான்கு இரவுகள் மிகவும் மோசமாக இருந்தன. ஐந்தாம் இரவு ஒரு மணிக்குள் உறங்கிவிட்டேன், ஆறாம் இரவு மறுபடி மூன்று மணி ஆனது.

என் சொல் புண்படுத்தியதா என்று அந்த உடன்பணியாளரிடமே நேரில் கேட்டுவிடலாமே என்று தனிமடலில் இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதுதான் தோன்றியது, ஆலோசகரிடம் சொன்னேன். கேட்காமல் இருப்பதுதான் இந்த வாரப் பயிற்சி என்று சொல்லிவிட்டார். இன்று மதியம் அந்த உடன்பணியாளரோடு ஒரே மேசையில் அமர்ந்து உணவருந்தினேன், கேட்கவில்லை.